நேரலை பயான்களைக் கணினியில் பதிந்து வைக்க எந்த மென்பொருள் நல்லது?



சென்ற ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன்பு அம்பத்தூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். அந்த வீட்டுப் பெரியவர் ஓர் ஆலிம். அவர் வஃபாத்தாகி ஓராண்டு ஆகியிருந்தது. 2020 ஊரடங்கில் பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்த ரமளானில், வீட்டின் முன்னறையில் உட்கார்ந்தபடியே இரவுதோறும் அரை மணி நேரம் இணைய நேரலையில் பேசியவர் அவர். முப்பது இரவுகளும் விடாமல் பேசினார். மஹல்லாவாசிகள் பலருக்கும் அந்த ரமளானில் ஆறுதலாக இருந்தது அந்தக் குரல்தான்.

"ஹஸ்ரத், அத்தாவோட அந்தப் பேச்சு எங்கேயாவது கிடைக்குமா? பேரப்பிள்ளைங்க கேக்குறாங்க" என்றார் அவருடைய மகள்.

தேடினோம். நேரலை நடந்த பக்கத்தைத் தொடங்கி நடத்திய இளைஞர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். பழைய கைபேசி எண் கைவிட்டுப் போனது. கடவுச்சொல்லும் நினைவில் இல்லை. கடைசியில் அந்தப் பக்கமே இல்லாமல் போய்விட்டது. கிடைத்தது ஒன்றே ஒன்று. உறவினர் ஒருவர், ஒரு கைபேசியில் ஓடிய பேச்சை இன்னொரு கைபேசியை அருகில் வைத்துப் பதிந்திருந்தார். மின்விசிறி இரைச்சலும் இடையிடையே குக்கர் விசிலும் கலந்த பதிவு அது. பதினைந்து மணி நேரம் பேசியவரின் குரலில் மிஞ்சியது பதினொரு நிமிடம்.

இதைக் கேள்விப்பட்ட ஆவடி, பூந்தமல்லி குடும்பங்கள் சிலர் நம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நேரலையில் வருவதைக் கணினியில் நல்ல தரத்தில் பதிந்து வைக்க எந்த மென்பொருளைப் போடுவது?" நாம் கணினித் துறை படித்தவரல்லர். மதரஸாவில் ஓதிவிட்டு, பிறகு கலைப்பிரிவில் பட்டம் பெற்றவர். ஆனால் மக்தப் பாடங்களுக்காகப் பல ஆண்டுகளாகப் பதிந்தும் சில பதிவுகளைக் கெடுத்தும் கற்றுக்கொண்டவை உண்டு. அவற்றை இங்கே பகிர்கிறோம்.

கேட்பவர் பதிந்ததால் கிடைத்த குரல்

நேரலையைக் கேட்பவர் தம் வீட்டில் பதிந்து வைப்பது இன்று வந்த பழக்கம் அன்று. எகிப்து வானொலி 1934 மே 31 அன்று ஷைக் முஹம்மது ரிஃப்அத் அவர்களின் கிராஅத்துடன் தொடங்கியது. பிற்காலத்தில் தொண்டை நோயால் குரலை இழந்த அவர்கள் 1950-இல் வஃபாத்தானார்கள். இன்று நாம் கேட்கும் அவர்களுடைய கிராஅத்களில் பெரும்பகுதி, ஜகரிய்யா மிஹ்ரான் பாஷா போன்ற அபிமானிகள் வானொலியைக் கேட்கும்போதே வீட்டில் இசைத்தட்டுகளில் பதிந்து வைத்தவை. ஒலிபரப்பியவர்கள் வைத்திருப்பார்கள் என்று அவர்கள் சும்மா இருந்திருந்தால், அந்தக் குரலில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருக்காது.

இன்றும் நிலைமை அதேதான். ஃபேஸ்புக் நேரலைகள் எப்போதும் அங்கேயே இருக்கும் என்று பல ஜமாஅத்கள் நம்பியிருந்தன. 2025 பிப்ரவரி 19 முதல் அந்த நிறுவனம் விதியை மாற்றியது. புதிய நேரலைகள் 30 நாட்கள் மட்டுமே பக்கத்தில் இருக்கும்; பிறகு தானாக நீக்கப்படும். பழைய நேரலைகளுக்கும் அறிவிப்பு அனுப்பி, இறக்கிக்கொள்ள 90 நாள் அவகாசம் தந்து நீக்குவதாக அறிவித்தது. உங்கள் ஜமாஅத் பக்கத்தை நிர்வகிப்பவர் அந்த அறிவிப்பைப் பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள்.

எங்கே கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே தேர்வு

'எது சிறந்த மென்பொருள்?' என்று கேட்பதைவிட, 'நாம் கேட்கும் ஒலி எந்த வழியாக வருகிறது?' என்று கேட்பதே சரி. நம் பகுதியில் தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அதிகம். ஊர்ப் பள்ளியின் பயானை நேரலையில் கேட்பவர்கள் உண்டு. காயல்பட்டினத்தில் ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் நடைபெறும் மஜ்லிஸுல் புகாரிஷ் ஷரீஃபை இணையத்தில் கேட்பவர்கள் உண்டு. முன்பு ரேடியோவில் கேட்ட இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையை இப்போது இணையத்தில் தேடுபவர்களும் உண்டு. இவை எல்லாம் ஒரே வழியில் வருவதில்லை. மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, இணைய வானொலி. இதற்கென்று நேரடி முகவரி ஒன்று இருக்கும். அந்த முகவரியைத் தந்தால் ஒலி தொடர்ந்து ஓடும்.

இரண்டாம் வகை, இணையப் பக்கத்துக்குள் அல்லது ஜூம் போன்ற செயலிக்குள் ஓடும் ஒலி. தனி முகவரி நம் கைக்குக் கிடைக்காது. கணினி ஒலிப்பதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வகை, படத்துடன் வரும் நேரலை. ஒலி மட்டும் போதுமா, படமும் வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முகவரி தெரிந்தால்: வி.எல்.சி.

பலருடைய கணினியில் ஏற்கெனவே இருக்கும் மென்பொருள் இது. பிரான்சில் கல்லூரி மாணவர்களின் திட்டமாக 1996-இல் தொடங்கி, 2001 முதல் கட்டற்ற மென்பொருளாக இலவசமாகக் கிடைக்கிறது. படம் பார்க்க மட்டுமே இதைப் பயன்படுத்துகிறோம். இதில் பதியவும் முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

'மீடியா' பட்டியலில் 'ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, வானொலியின் முகவரியை ஒட்டுங்கள். ஒலி வரத் தொடங்கியதும் 'வியூ' பட்டியலில் 'அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ்' என்பதைச் சொடுக்கினால், கீழே சிவப்புப் பொத்தான் ஒன்று தோன்றும். அதை அழுத்தினால் பதிவு தொடங்கும். மறுபடி அழுத்தினால் நிற்கும்.

இந்த வழியின் சிறப்பு, இணையத்தில் வரும் ஒலி எப்படி வருகிறதோ அப்படியே கோப்பாகச் சேமிக்கப்படுவதுதான். ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குவதுபோல, சுருக்கிய ஒலியை மறுபடி சுருக்கினால் தரம் குறையும். இங்கே அந்தக் குறை இல்லை. இடையில் வாட்ஸ்அப் மணி அடித்தாலும் பதிவில் கலக்காது. ஆகவே முகவரி கிடைக்கும் இடத்திலெல்லாம் நம் முதல் பரிந்துரை இதுவே.

முகவரி இல்லையென்றால்: ஆடாசிட்டி

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000-இல் வெளியான மென்பொருள் இது. இதுவும் இலவசம், கட்டற்றது. மைக் வைத்துப் பதியவும், பதிந்ததை வெட்டித் திருத்தவும் உலகெங்கும் பயன்படுகிறது. கணினியில் ஓடும் ஒலியையும் இதில் பிடிக்கலாம்.

விண்டோஸ் கணினியில் 'ஆடியோ செட்டப்' பொத்தானை அழுத்தி, 'ஹோஸ்ட்' என்ற இடத்தில் 'விண்டோஸ் வாசாபி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'ரெக்கார்டிங் டிவைஸ்' என்ற இடத்தில், உங்கள் ஸ்பீக்கரின் பெயரோடு 'லூப்பேக்' என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது மைக் வேலை செய்யாது. கணினிக்குள் ஓடும் ஒலி மட்டுமே பதிவாகும். மின்விசிறி இரைச்சலோ குக்கர் விசிலோ உள்ளே நுழைய வழியில்லை. அம்பத்தூர் வீட்டில் அன்று இது தெரிந்திருந்தால் போதும்.

இதில் நேரம் குறித்துப் பதியும் வசதியும் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டாம் ஷிப்டு போகும் சகோதரர், மாலை பயானைத் தவறவிட வேண்டியதில்லை. தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் குறித்துவிட்டு, நேரலைப் பக்கத்தைத் திறந்து ஓடவிட்டுப் போகலாம். வேலை முடிந்து வந்து கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இந்த முறையில் நாமே விழுந்த குழிகள் மூன்று உண்டு. முதலாவது, கணினியில் எழும் எல்லா ஒலியும் இதில் பதிவாகும். ஆகவே பதியும்போது மற்ற செயலிகளின் அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிடுங்கள். இரண்டாவது, பாதியில் புளூடூத் ஹெட்செட்டை இணைத்தால் ஒலி அந்தப் பக்கம் போய்விடும். பழைய ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆடாசிட்டிக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரு மணி நேர தஃப்ஸீர் வகுப்பை இப்படி வெறும் மௌனமாகப் பதிந்த அனுபவம் நமக்கு உண்டு. மூன்றாவது, கணினி தானாக உறங்கிவிடும் அமைப்பை முன்கூட்டியே மாற்றி வைக்க வேண்டும். மடிக்கணினியானால் சார்ஜரில் செருகி வையுங்கள்.

மேக் கணினி வைத்திருப்போருக்கு இந்த 'லூப்பேக்' வசதி நேரடியாகக் கிடைக்காது. 'பிளாக்ஹோல்' என்ற இலவசத் துணை மென்பொருளை நிறுவி, அதன் வழியாக ஆடாசிட்டிக்கு ஒலியை அனுப்பலாம். பணம் கொடுத்து வாங்கத் தயாரென்றால் 'ஆடியோ ஹைஜாக்' இன்னும் எளிது. லினக்ஸ் பயன்படுத்துவோர், பதிவுக் கருவிகளின் பட்டியலில் 'மானிட்டர்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

படமும் வேண்டுமென்றால்: ஓ.பி.எஸ். ஸ்டூடியோ

நேரலையை ஒளிபரப்பவும் பதியவும் பயன்படும் இலவச மென்பொருள் இது. பல பள்ளிவாசல்களில் நேரலை விடும் இளைஞர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நேரலை விடும்போதே பதிவுப் பொத்தானையும் அழுத்துங்கள். மிக்சரிலிருந்து நேராக வரும் ஒலிக்கு ஈடாக, கேட்பவர் வீட்டில் எடுக்கும் எந்தப் பதிவும் வராது. பதிவை எம்.கே.வி. வடிவில் வைத்தால், நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது பெரும்பாலும் தப்பிக்கும். எம்.பி.4 வடிவில் வைத்தால் முழுக் கோப்பும் திறக்காமல் போகக்கூடும்.

பேச்சை மட்டும் கேட்க விரும்பும் குடும்பத்துக்கு இது தேவைக்கு மிஞ்சியது. பழைய கணினியைத் திணறவும் வைக்கும்.

எவ்வளவு இடம் பிடிக்கும்?

சுருக்காத வேவ் கோப்பு, குறுந்தகட்டின் தரத்தில், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் பிடிக்கும். அதே ஒரு மணி நேரம் எம்.பி.3 வடிவில், 64 கிலோபிட் அளவில், ஏறத்தாழ 29 மெகாபைட்தான். தினம் ஒரு மணி நேரம் என்று ரமளான் முழுவதும் பதிந்தாலும் 1 ஜி.பி.க்குள் அடங்கிவிடும்.

ஒருவர் பேசும் பயானுக்கு மோனோவாக 64 கிலோபிட் போதும். கிராஅத் என்றால் 128 கிலோபிட்டுக்குக் குறைக்க வேண்டாம். மத்தும், எழுத்துகளின் மக்ரஜும் தெளிவாகக் கேட்டால்தான் ஹிஃப்ழ் ஓதும் பிள்ளைக்கு அந்தப் பதிவு உதவும். எடிட் செய்ய எண்ணம் இருந்தால், முதலில் ஃப்ளாக் வடிவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அது ஒலியின் தரத்தைக் குறைக்காமல் இடத்தை மட்டும் மிச்சப்படுத்தும்.

எங்கிருந்து இறக்குவது?

'இலவச ஆடியோ ரெக்கார்டர்' என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். மின்னும் பொத்தானை அழுத்தி இறக்கிய ஒரு மென்பொருள், நம் மக்தப் கணினியில் வேண்டாத விளம்பரங்களைக் கொண்டுவந்து கொட்டியது. பிள்ளைகள் பயன்படுத்தும் கணினி அது. முழுவதும் துடைத்துவிட்டு மறுபடி விண்டோஸ் போட வேண்டியதாயிற்று.

அதனால் எந்த மென்பொருளையும் அதை உருவாக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். வி.எல்.சி.யின் தளம் 2022-இல் இந்தியாவில் சில மாதங்கள் முடக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடை நீங்கியது. அத்தகைய நேரத்தில்கூட, கண்ணில் படும் வேறு தளத்திலிருந்து இறக்குவதைவிடப் பொறுத்திருப்பது நல்லது. ஆடாசிட்டியை 2021-இல் மியூஸ் குரூப் நிறுவனம் ஏற்றபோது அதன் தனியுரிமைக் கொள்கை பற்றி எதிர்ப்பு எழுந்தது. பயனர்கள் கேள்வி கேட்டதால் நிறுவனம் அந்த வாசகங்களைத் திருத்தி வெளியிட்டது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளில் இப்படிக் கவனிப்பவர்கள் இருப்பார்கள். யார் செய்தது என்றே தெரியாத மென்பொருளில் அந்தக் காவல் இல்லை.

திருட்டுச் சாவி போட்ட விலை மென்பொருளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மார்க்கப் பேச்சைப் பதிவதற்குத் திருடிய கருவி எதற்கு?

பதியலாமா? பகிரலாமா?

நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை மீறலாகக் கருதுவதில்லை. ஒலிபரப்புகளைத் தம் சொந்தப் பயனுக்காகவோ, உண்மையான கற்பித்தலுக்காகவோ பதிவதை 39ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பூட்டுப் போட்டுத் தரும் ஒலியின் பூட்டை உடைப்பது வேறு விஷயம். 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு அதைக் குற்றமாக்குகிறது. தளங்களுக்கும் தனி விதிகள் உண்டு. யூடியூப், தான் தரும் வசதியைத் தவிர்த்து வேறு வழியில் இறக்குவதை அனுமதிப்பதில்லை. அங்கே இருக்கும் பேச்சு வேண்டுமென்றால் அந்தச் சேனலை நடத்துவோரிடமே கேட்டு வாங்குங்கள். மார்க்கப் பணி செய்பவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

சட்டம் அனுமதிப்பது ஒருபுறம், அமானிதம் இன்னொருபுறம். குறிப்பாகப் பெண்களுக்கென்று ஒலி மட்டும் விடும் வகுப்புகள் நம் பகுதியில் நடக்கின்றன. பாடம் நடத்தும் ஆலிமா தம் குரல் அந்த வகுப்போடு நிற்க வேண்டும் என்று எண்ணியிருக்கலாம். கேள்வி கேட்கும் சகோதரி தம் குடும்பப் பிரச்சினையைச் சொல்லியிருக்கலாம். அவர்களிடம் கேட்காமல் பதிவதும், பதிந்ததைக் குழுக்களில் போடுவதும் அமானிதத்துக்கு மோசடி. தொழில்நுட்பத்தில் எளிது என்பதால் அது ஆகுமானதாகிவிடாது.

ஆண்களின் பயானிலும் வெட்டிப் பகிரும்போது எச்சரிக்கை தேவை. 'சிலர் இப்படிச் சொல்கிறார்கள், அது தவறு' என்று பேசியதில் முதல் பாதியை மட்டும் வெட்டிப் போட்டால், பேசியவர் சொல்லாததைச் சொன்னவராகிவிடுகிறார். முழுப் பதிவை எப்போதும் கைவசம் வையுங்கள். சந்தேகம் வந்தால் எடுத்துக்காட்ட அதுதான் சாட்சி.

பதிவுக்கும் ஸனது வேண்டும்

யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற சங்கிலி இல்லாத செய்தியை ஹதீஸ் கலை அறிஞர்கள் ஏற்பதில்லை. நம் பதிவுகளுக்கும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவரலாம். 'ரெக்கார்டிங் 47' என்ற பெயரில் கிடக்கும் கோப்பு, பத்து ஆண்டு கழித்து யாருக்கும் பயன்படாது. பேசியவர் பெயர், தலைப்பு, பள்ளிவாசல், ஊர், தேதி, எந்த நேரலையிலிருந்து பதிந்தது என்ற ஆறையும் கோப்பின் பெயரிலோ, கூடவே ஒரு சிறு குறிப்பிலோ எழுதி வையுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

பிறகு இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று கணினியில் இருந்தால் மற்றொன்று வெளி ஹார்டு டிஸ்க்கில், முடிந்தால் வேறொரு வீட்டில் இருக்கட்டும். பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை, ரமளானுக்கு முன்பு, எடுத்துப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். ஜமாஅத் பக்கத்தின் கடவுச்சொல்லும் ஒருவரிடம் மட்டும் இல்லாமல் நிர்வாகத்தில் இருவரிடமாவது இருக்கட்டும்.

சுருக்கமாக

முகவரி தெரிந்த இணைய வானொலிக்கு வி.எல்.சி. பக்கத்துக்குள் ஓடும் ஒலிக்கு ஆடாசிட்டி. படமும் வேண்டும் என்பவர்களுக்கும், நேரலை விடுபவர்களுக்கும் ஓ.பி.எஸ். மூன்றும் இலவசம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், முக்கியமான பயானுக்கு முந்தைய நாளே ஐந்து நிமிடம் பதிந்து, போட்டுக் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

அம்பத்தூர் வீட்டுக்கு அந்தப் பதினொரு நிமிடத்தை ஆடாசிட்டியில் இரைச்சல் குறைத்து எடுத்துக்கொண்டு போனோம். மகள் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் வரும் குக்கர் விசிலை நம்மால் நீக்க முடியவில்லை. "இருக்கட்டும் ஹஸ்ரத், அது எங்க சாச்சி வீட்டுக் குக்கர்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் மஹல்லாவிலும் இன்று ஒலித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களின் குரல் இருக்கும். அவர்களிடம் அனுமதி கேட்டு, வரும் ஜும்ஆவிலிருந்தே பதியத் தொடங்குங்கள். அல்லாஹ் நம் முயற்சிகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.